குறுவையும் குறுகிய கால நெல்லும்: இரண்டு ஆன்டாலஜிகளின் வகுப்புகளைப் பொருத்துவது எப்படி

ஆடி மாதத்தில் டெல்டாவில் ஒரு வயலைக் காட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "குறுவை" என்பார் விவசாயி. அதே வயலைப் பற்றி விதைப் பட்டியலைப் புரட்டினால், "குறுகிய கால ரகம், ஆடுதுறை 36" என்று இருக்கும். இரண்டும் ஒரே வயலைப் பற்றிய பேச்சுதான். ஆனால் ஒன்று பருவத்தைச் சொல்கிறது, மற்றது விதையைச் சொல்கிறது. ஆன்டாலஜி என்பது ஒரு துறையின் பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வகுத்து எழுதிய கோப்பு. தனித்தனியாக உருவான இரண்டு ஆன்டாலஜிகளை இணைக்க முயல்கிறவர் முதலில் இடறி விழுகிற இடம் இதுதான்.

இந்த வழிகாட்டிக்காக இரண்டு சிறிய ஆன்டாலஜிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, விவசாயிகளின் பேச்சிலிருந்து தொகுத்தது. அதிலுள்ள பெயர்களுக்கு முன்னால் "ஊர்:" என்று போடுகிறேன். மற்றது, விதையையும் சாகுபடிப் பரப்பையும் கணக்கெழுதும் பதிவேட்டின் பாணியில் அமைந்தது. அதற்கு "பதி:" என்ற முன்னொட்டு. இரண்டும் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவையே தவிர, எந்த அலுவலகத்தின் ஏடும் அல்ல. வகுப்பு என்று நான் சொல்வது ஒரு பொதுத்தன்மையால் சேர்ந்த பொருள்களின் தொகுதியை. அதற்குள் அடங்கும் ஒவ்வொன்றும் உறுப்பு. உறுப்புகளை ஒன்றோடொன்று தொடுப்பது பண்பு.

கேள்வி இல்லாமல் தொடங்க வேண்டாம்

இரண்டு ஆன்டாலஜிகளில் உள்ள எல்லா வகுப்புகளையும் பொருத்தியே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பாதியில் களைத்துப்போவார்கள். இணைப்பு முடிந்த பிறகு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "தாளடி நடும் வயல்களில் எத்தனை நாள் ரகங்கள் போடப்படுகின்றன?" என்பது ஒரு நல்ல கேள்வி, அதற்கு விடை காண "ஊர்" பக்கத்திலிருந்து பருவமும் வயலும் வேண்டும், "பதி" பக்கத்திலிருந்து ரகமும் வயதும் வேண்டும். உரம், பூச்சி, கூலி ஆகியவற்றின் வகுப்புகளை இந்தக் கேள்வி தொடவே இல்லை, அவற்றை விட்டுவிடலாம். நான்கைந்து கேள்விகளை எழுதி, அவை தொடும் வகுப்புகளை மட்டும் வட்டமிட்டால், இருநூறு வகுப்புள்ள கோப்பில் முப்பதுதான் மிஞ்சும் என்பது என் அனுபவம்.

உறுப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வேலையின் நடுமையம் இந்தப் பகுதி. நேரத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். வகுப்பின் பெயரை மறந்துவிட்டு, அதன் உறுப்பு ஒன்று எப்படியிருக்கும் என்று கேளுங்கள். ஊர்:குறுவை என்ற வகுப்பின் ஓர் உறுப்பு எது? பாபநாசம் பக்கம் ஒரு வயலில் ஓர் ஆண்டு ஆனி மாதம் நட்டுப் புரட்டாசியில் அறுத்த அந்த ஒரு பயிர். அதாவது இடமும் காலமும் உள்ள ஒரு நிகழ்வு. பதி:குறுகியகாலரகம் என்ற வகுப்பின் ஓர் உறுப்பு எது? ஆடுதுறை 36 என்ற ரகம். அதற்கு வயல் இல்லை, ஆண்டும் இல்லை. உறுப்புகளே வேறு இனத்தவையாக இருக்கும்போது, "குறுவை குறுகிய கால ரகத்துக்குச் சமம்" என்பதும், "குறுவை அதன் உள்வகுப்பு" என்பதும் ஒருசேரத் தவறு. இரண்டு வகுப்புகளுக்கும் பொதுவான ஓர் உறுப்புகூட இருக்க முடியாது.

அப்படியானால் உறவே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது ஒரு பண்பின் வழியாக வருகிறது. "ஊர்:குறுவைப் பயிர் ஒவ்வொன்றுக்கும் 'விதைத்தரகம்' என்ற பண்பு உண்டு, அதன் மறுமுனை பதி:குறுகியகாலரகத்தைச் சேர்ந்தது" என்று எழுதினால் அது பொருளுள்ள கூற்று. பொருளுள்ள கூற்றாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையாகவும் இருக்க வேண்டும். ஃபில்டர் பாயிண்ட் (குழாய்க் கிணறு) வைத்திருக்கிற ஒருவர் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திராமல் முன்கூட்டியே நாற்றுவிட்டு, சற்றே வயது கூடிய ரகத்தைப் போட்டு, அதையும் குறுவை என்றே சொன்னால், "ஒவ்வொன்றுக்கும்" என்ற சொல் அங்கேயே உடைந்துவிடுகிறது. ஆன்டாலஜிகளை எழுதும் கணினி மொழியான ஆவுலில் "பெரும்பாலும்" என்ற சொல் இல்லை. ஒரேயொரு விதிவிலக்கு கிடைத்தாலும் அந்தக் கூற்றை எடுத்துவிட்டு, தளர்வான உறவொன்றைத்தான் எழுத வேண்டும்.

உறுப்புகள் ஒரே இனம் என்று உறுதியான பிறகுதான் சோதனை. இடப்பக்க ("ஊர்") வகுப்பிலிருந்து பத்து உறுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் வலப்பக்க ("பதி") வகுப்பில் சேருமா என்று பாருங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து பத்தை எடுத்து இடப்பக்கத்தில் சோதியுங்கள். இரண்டு திசையிலும் எல்லாம் சேர்ந்தால் சமம். ஒரு திசையில் மட்டும் சேர்ந்தால் ஒன்று மற்றதன் உள்வகுப்பு. இரண்டு திசையிலும் சில சேர்ந்து சில சேராவிட்டால் பகுதி மேற்பொருந்தல். ஒன்றுமே சேராவிட்டால் விலகல். பத்தில் ஒன்பது வழக்கமானவையாக இருந்தால் சோதனைக்குப் பயனில்லை. எல்லையில் நிற்கும் உறுப்புகளைத் தேடி எடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

எல்லை உறுப்புக்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். பதிவேடுகளில் சம்பாவையும் தாளடியையும் ஒரே தலைப்பில் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. அதனால் "பதி" பக்கம் பதி:சம்பாதாளடிப்பயிர் என்று ஒரே வகுப்பு. நான் ஊர்:சம்பாவை அதற்குச் சமம் என்று எழுதினேன்; அடுத்த வரியில் ஊர்:தாளடியை அதன் உள்வகுப்பு என்று எழுதினேன். இரண்டும் தனித்தனியே பார்க்கையில் தவறாகத் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தால் விளைவு வேறு: வலப்பக்க வகுப்பும் சம்பாவும் ஒன்றாகிவிட்டதால், தாளடி முழுவதும் சம்பாவுக்குள் போய்விட்டது. அந்தக் கோப்பிலிருந்து எடுத்த சம்பா வயல் பட்டியலை நீடாமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். இரண்டு வரி படித்தவுடன் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, தாள் இருந்தாத்தான் அது தாளடி. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நட்டது இதெல்லாம். இதைப் போயி சம்பாவுல சேத்திருக்கீங்களே?"

"அப்படின்னா ஐப்பசியில தரிசுல நட்டா அது என்னங்க ஐயா?"

"அது பின்சம்பா. நாள் ஒண்ணுதான், வயல் வேற."

ஒரு வகுப்புக்கு இதைவிடத் துல்லியமான வரையறையை நான் கேட்டதில்லை. தாளடியைத் தாளடியாக்குவது நடவு நாள் அல்ல, அதே வயலின் முந்தைய பயிர். ஆகவே ஊர்:தாளடி என்பது, "முன்பயிர்" என்ற பண்பின் மறுமுனையில் ஊர்:குறுவையைக் கொண்ட நெற்பயிர். "பதி" பக்கம் ஒரு வகுப்பு நடவுத் தேதியை மட்டும் வைத்து, செப்டம்பர் நடுவுக்குப் பின் நட்டதையெல்லாம் பின்பருவப் பயிர் என்று வரையறுத்திருந்தால், அது தாளடியில் பெரும்பகுதியையும் பின்சம்பாவில் ஒரு பகுதியையும் அள்ளிக்கொள்ளும். குறுவையை முந்தி அறுத்து முந்தியே நட்ட தாளடி வெளியே நிற்கும். இது மேற்பொருந்தல். சமம் என்று எழுத இங்கே வழியே இல்லை. இரண்டு ஆன்டாலஜிகள் ஒரே பொருளை வெவ்வேறு அளவுகோலால் பிரித்திருந்தால், மேற்பொருந்தல்தான் கிடைக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பா–தாளடித் தலைப்பைச் சரியாக எழுதும் முறை எளிது: பதி:சம்பாதாளடிப்பயிர் என்பது ஊர்:சம்பா, ஊர்:தாளடி இரண்டின் கூட்டுக்குச் சமம். ஒன்றுக்கு ஒன்று என்றே பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் எங்குமில்லை. ஆவுல் மொழி கூட்டு, வெட்டு, விலக்கு மூன்றையும் எழுத இடம் தருகிறது.

பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள், வேறாக இருப்பதையும் நம்பாதீர்கள்

லாக்மேப், அக்ரிமென்ட்மேக்கர்லைட் போன்ற தானியங்கிக் கருவிகள் பெயர்ப் பொருத்தத்தையும் வகுப்புகளின் அடுக்கமைப்பையும் வைத்துப் பொருத்தங்களை முன்மொழிகின்றன. இத்தகைய கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஓஏஇஐ என்ற போட்டி முயற்சி 2004 முதல் நடந்துவருகிறது. பெரிய கோப்புகளுக்கு இவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அவை தருவது விண்ணப்பதாரர் பட்டியல்தான். தேர்வை நீங்கள் நடத்த வேண்டும். மொழி மாதிரியிடம் (செயற்கை நுண்ணறிவு உரையாடல் மென்பொருளிடம்) கேட்டு வாங்கிய பட்டியலுக்கும் இதே விதிதான்.

நெல்லில் பெயர் செய்யும் வேடிக்கை தனி. சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா ஆகியவை ரகங்களின் பெயர்கள். சம்பா என்பது பருவத்தின் பெயரும்கூட. கருங்குறுவை ஒரு ரகம். குறுவை ஒரு பருவம். பெயர்க் கருவி இவற்றையெல்லாம் உற்சாகமாக இணைத்துவிடும். எதிர்த்திசையில், சி.ஆர். 1009 என்பதும் பொன்மணி என்பதும் ஒரே நீண்ட கால ரகம். ஒடிசாவில் அதற்கு சாவித்திரி என்று பெயர். இந்த மூன்றில் ஓர் எழுத்துப் பொருத்தமும் இல்லாததால் கருவி மூன்றையும் தனித்தனியே விட்டுவிடும். அதே கருவி, சி.ஆர். 1009 ரகத்தையும் வெள்ளத்தில் மூழ்கித் தாங்கும் மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப் 1 ரகத்தையும், பெயர் ஒட்டியிருப்பதால் ஒன்றென்று சொல்லும். விதை வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஆகவே முதலில் இரண்டு கோப்புகளையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளையும் நீக்கிவிடுங்கள். அதன்பிறகும் சந்தி மிஞ்சும்: சீரகச் சம்பா, சீரக சம்பா, சீரகசம்பா என்று மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள். குறுவையைக் குருவை என்று எழுதியவர்களும் உண்டு. இவற்றைத் திருத்தி அழிக்க வேண்டாம். முதன்மைப் பெயராக ஒன்றை வைத்து, மற்றவற்றை மாற்றுப் பெயர்களாக அதே வகுப்பின் கீழ் ஏற்றிவிடுங்கள். வகுப்பின் அடையாளத்தைப் பெயரால் அமைக்காமல் எண்ணால் அமைப்பதும் இதற்காகவே. உலக உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவாக் சொற்களஞ்சியத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண்தான் அடையாளம். பல மொழிப் பெயர்கள் அதன்மேல் ஒட்டிய சீட்டுகள்.

போகிறபோக்கில் ஒன்று. "ஊர்" கோப்பில் நிலப்பரப்பு மாவிலும் வேலியிலும் இருக்கும். தஞ்சைப் பக்கம் ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், 20 மா ஒரு வேலி. "பதி" கோப்பில் ஹெக்டேர். இது மதிப்பை மாற்றும் கணக்கு, வகுப்புப் பொருத்தம் அல்ல; தனிக் கோப்பில் செய்யுங்கள். இல்லாவிட்டால் பெயர்க் கருவி அந்த மாவைக் கொண்டுபோய்த் தோட்டப்பயிர்களில் மாமரத்தோடு கட்டிவைக்கும்.

எந்த உறவுச் சொல்லை எழுதுவது

இரண்டு சொற்குடும்பங்கள் உள்ளன. 2004இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளியாகி, 2009இல் இரண்டாம் வடிவம் கண்ட ஆவுல் மொழியில் சமவகுப்பு, உள்வகுப்பு, விலகல் ஆகிய கடுமையான உறவுகள் உண்டு. சொற்களஞ்சியங்களுக்காக 2009இல் வெளியான ஸ்காஸ் தரத்தில் எக்ஸாக்ட்மேட்ச் (முழுப் பொருத்தம்), குளோஸ்மேட்ச் (நெருங்கிய பொருத்தம்), பிராட்மேட்ச் (அகலமானதோடு பொருத்தம்), நேரோமேட்ச் (குறுகியதோடு பொருத்தம்), ரிலேட்டட்மேட்ச் (தொடர்புள்ளது) என்று ஐந்து தளர்வான உறவுகள் உண்டு. முதல் குடும்பத்தில் எழுதியதிலிருந்து கணினி புதிய கூற்றுகளைத் தருவித்துக்கொண்டே போகும். இரண்டாவது, தேடுவதற்கும் வழிகாட்டுவதற்கும் போதுமானது. உறுப்புச் சோதனையில் தேறியதை மட்டும் முதல் குடும்பத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டாவதற்கு இறங்குங்கள். ஸ்காஸ் உறவுகளை வகுப்புகளுக்கு இடையில் எழுதும்போது அவற்றைக் குறிப்புப் பண்புகளாக அறிவித்துவிட்டால் ரீசனர் (எழுதிய கூற்றுகளிலிருந்து புதியவற்றைத் தருவிக்கும் மென்பொருள்) அவற்றைத் தொடாது.

திசையில் பலர் தடுமாறுகிறார்கள். "தாளடி, பிராட்மேட்ச், சம்பாதாளடிப்பயிர்" என்றால் வலப்பக்கத்தில் இருப்பது அகலமானது என்று பொருள். தாளடி அகலமானது என்பதல்ல. இன்னொன்று, எக்ஸாக்ட்மேட்ச் கடந்துசெல்லும் உறவு: முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் பொருந்தினால், முதலாவதும் மூன்றாவதும் பொருந்தியதாகிவிடும். இரண்டு கோப்புகளையும் அக்ரோவாக் வழியாக இணைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்; நடுவில் ஒரு பொருத்தம் பிசகினால் இருபுறமும் பிசகும். குளோஸ்மேட்ச் அப்படிக் கடந்துசெல்லாது. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒரு ரகத்தை வகுப்பாக வைப்பதா, உறுப்பாக வைப்பதா என்பதில் இரண்டு கோப்புகளும் முரண்படுவது வழக்கம். "ஊர்" பக்கம் பொன்மணி ஒரு வகுப்பு, அதில் விதை மூட்டைகள் உறுப்புகள். "பதி" பக்கம் சி.ஆர். 1009 ஓர் உறுப்பு. ஆவுல் 2 ஒரே பெயரை வகுப்பாகவும் உறுப்பாகவும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் ரீசனர் அவற்றை இரண்டு தனிப் பொருள்களாகவே நடத்தும் என்பதால், ஒரு பக்கம் எழுதியது மறுபக்கம் தானாக வராது. ஒரு பக்கத்து அமைப்பைத் தேர்ந்து மற்றதை அதற்கேற்பப் பண்பால் இணைப்பதே நல்லது.

பாலக் கோப்பும் ரீசனரும்

மூலக் கோப்புகள் இரண்டையும் தொடாதீர்கள். மூன்றாவதாக ஒரு கோப்பைத் திறந்து, இரண்டையும் அதில் இறக்குமதி செய்து, பொருத்தக் கூற்றுகளை மட்டும் அதில் எழுதுங்கள். அதுவே பாலக் கோப்பு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான புரோட்டஜேயில் இதைச் செய்யலாம். ஹெர்மிட் அல்லது எல்க் ரீசனரை ஓட்டியபின், நத்திங் என்ற வகுப்புக்குக் கீழே ஏதாவது வந்து நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே நிற்பது உறுப்பே இருக்க முடியாத வகுப்பு. எல்க் வேகமானது, ஆனால் மேலே எழுதியதுபோன்ற கூட்டு வகுப்பை முழுமையாகக் கவனிக்காது. நம் அளவுக் கோப்புக்கு ஹெர்மிட்டே போதும்.

நான் செய்த சம்பா–தாளடித் தவறை ரீசனர் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். "சம்பாவும் தாளடியும் ஒன்றையொன்று தொடாது" என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதாததைக் கணினி பொய் என்று கொள்ளாது. தெரியாது என்றுதான் கொள்ளும். பெரியவரிடம் பேசிவிட்டு வந்து, குறுவை, சம்பா, தாளடி மூன்றும் விலகியவை என்று ஒரு வரி சேர்த்தேன். மறுமுறை ஓட்டியதும் தாளடி நத்திங்குக்குக் கீழே விழுந்தது. தாளடி என்று ஒன்று உலகத்தில் இருக்கவே முடியாது என்று ரீசனர் சொல்கிறது! டெல்டாக்காரருக்கு இதைவிடத் தெளிவான பிழைச் செய்தி வேண்டியதில்லை. ஆகவே ரீசனரை ஓட்டும் முன், விலகல் கூற்றுகளைத் தாராளமாக எழுதிச் சேருங்கள். மௌனமான ரீசனரைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விலகல் இல்லாத இடங்களிலும் பிடிபட இன்னொரு சோதனை உண்டு. பாலக் கோப்பு இல்லாமல் "ஊர்" கோப்பை மட்டும் ரீசனரில் ஓட்டி, கிடைத்த வகுப்படுக்கைச் சேமியுங்கள். பிறகு பாலத்தோடு ஓட்டி, அதே வகுப்புகளின் அடுக்கை மட்டும் ஒப்பிடுங்கள். முன்பு பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வகுப்புகளில் ஒன்று இப்போது மற்றதற்குக் கீழே போயிருந்தால், அந்தப் புதுச் செய்தி ஊரிலிருந்து வரவில்லை, உங்கள் பொருத்தத்திலிருந்து வந்திருக்கிறது. அது உண்மையா என்று ஊரில் கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்த ஏடு

ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு வரி: இடப்பக்க அடையாளம், உறவு, வலப்பக்க அடையாளம், எப்படி முடிவு செய்தோம், யார், எந்த நாள், இரண்டு கோப்புகளின் பதிப்பு எண்கள், ஒரு குறிப்பு. எஸ்எஸ்எஸ்ஓஎம் என்ற எளிய தரம் இத்தகைய அட்டவணைக்கென்றே இருக்கிறது. எப்படி முடிவு செய்தோம் என்ற பத்தியை அது கட்டாயமாக்குகிறது, அது நல்ல கட்டாயம். பொருத்தமில்லை என்று முடிவானதையும் ஒரு வரியாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து சீரகச் சம்பாவை மறுபடியும் சம்பாப் பருவத்துக்குக் கீழே வைப்பார்.

பதிப்பு எண்ணை விடாதீர்கள். பதிவேட்டுப் பக்கம் சம்பாவையும் தாளடியையும் பின்னாளில் இரண்டு வகுப்பாகப் பிரித்தால், கூட்டுக்குச் சமம் என்ற பழைய வரி செல்லாது. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தெரிந்தால்தான் எந்த வரிகளை மறுபடி சோதிப்பது என்று தெரியும். என் ஏட்டில் தாளடியின் வரி இப்போது இப்படி இருக்கிறது: "ஊர்:தாளடி, உள்வகுப்பு, பதி:சம்பாதாளடிப்பயிர், உறுப்புச் சோதனை, எல்லை உறுப்புகள் நான்கு, குறிப்பு: முன்பயிர் குறுவை இல்லையேல் பின்சம்பா, நடவு நாளைப் பார்க்க வேண்டாம்."